நேராகக் கேட்ட கேள்வி

எனக்கு வந்தது பித்தப்பைக் கல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குட்வில் எஸ்டேட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எடுத்த கல்லைக் காட்டச் சொல்லி வீடு தேடி வந்தவர்கூட உண்டு. எனக்கு வந்தது மனச்சோர்வு. அதுவும், செத்துப்போய்விடலாம் என்கிற எண்ணம் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு முற்றிப்போன மனச்சோர்வு.

இப்போது நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால், குழம்பில் புளி கூடிவிட்டால் சண்டை போடும் அளவுக்கு நன்றாக. இந்தத் தெம்பு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. மனநல வார்டு என்றால் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித் திரும்பிப் போகப் பார்த்தவன்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரலாம்.

என் பெயர் செல்வம். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் வேலை. ராமநாதபுரம் பக்கமிருந்து அப்பா காலத்தில் இந்தத் தீவுக்கு வந்து தங்கிய குடும்பம். ஜெட்டியில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. அதற்குக் காரணம் வேலைத் திறமை இல்லை, வாய். கடல் கொந்தளித்து ஹேவ்லாக் தீவுக் கப்பல் ரத்தானால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சண்டைக்கு நிற்கும் கூட்டத்தைச் சிரிக்க வைத்தே திருப்பி அனுப்பிவிடுவேன். 'செல்வத்துக்கு ஒரு கவலையும் கிடையாது' என்பது ஜெட்டியில் எனக்குக் கிடைத்த பட்டம்.

அந்த மழைக்காலத்தில் தூக்கம் போனது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். அதன்பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். சாப்பாடு ருசிக்கவில்லை. பயணியின் பெயரைப் படித்தால் கணினியில் அடிப்பதற்குள் மறந்துபோகும். என் மனைவி மல்லிகா இதைச் சர்க்கரை என்று முடிவுகட்டினாள். பிறகு தைராய்டு என்றாள். எனக்கும் அப்படி ஏதாவது இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இசிஜி எடுத்தார்கள், வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். மல்லிகா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். எனக்கு ஏமாற்றம். ஒரு கிட்னியாவது கொஞ்சம் ஒத்துழைத்திருக்கலாம்.

பொது மருத்துவர் நல்ல மனிதர். ரிப்போர்ட்டுகளை மூடி வைத்துவிட்டு, "மனநலப் பிரிவுலயும் ஒருமுறை காட்டிடுங்க" என்றார். தொண்டை வலிக்குக் காது மூக்குப் பிரிவுக்கு அனுப்புகிற அதே குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

அந்தப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஊரில் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். எதிர் பெஞ்சில் மாயாபந்தருக்கு மாதம் தவறாமல் டிக்கெட் எடுக்கிற ஒரு கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சொந்தக்காரர் ஒருத்தரைப் பார்க்க வந்தேன்" என்றார். "நானும்தான்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் பெயரையும் அடுத்து என் பெயரையும் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து போனோம்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸ் ஒருவர் பேசுவார். எனக்கு வாய்த்தவர் ஷீபா சிஸ்டர். கேரளத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கேதான். மலையாளமும் ஹிந்தியும் கலந்த தமிழ் பேசுவார். முகத்தில் பெரிய சிரிப்பும் கிடையாது, கடுகடுப்பும் கிடையாது. தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், பசியைப் பற்றிக் கேட்டார், அதே குரலில் அடுத்ததையும் கேட்டார்.

"அண்ணா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படியா ஒரு மனுஷனைப் பார்த்த உடனே கேட்பது? வழக்கம்போல வாயைத் துணைக்குக் கூப்பிட்டேன். "சிஸ்டர், எங்க கவுண்டர்ல மாசக்கடைசியில எல்லாருக்குமே தோணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு மௌனம் ஆகாது. கவுண்டரில் மௌனத்துக்குப் பழக்கமே இல்லை. அந்த மௌனத்தைத் தாங்க மாட்டாமல்தான், "தோணுது" என்றேன். சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது.

"சொன்னீங்களே, நல்லது" என்றார். பிறகு இன்னும் சில கேள்விகள். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம், எப்படி என்று மனதில் ஏதாவது ஏற்பாடு உண்டா, கடைசி நிமிடத்தில் எது தடுக்கிறது. எல்லாவற்றையும் நேராகவே கேட்டார். நான் பதிலுக்கு, "இதை யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். "அதுக்கு மாத்திரம் நான் வாக்குத் தர மாட்டேன். உங்க உயிரு சம்பந்தப்பட்டத நான் தனியா வெச்சுக்க முடியாது. டாக்டர்கிட்ட சொல்லுவேன், உங்க வீட்டுக்காரிகிட்டயும் உங்களை வெச்சே பேசுவேன்" என்றார். அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

வார்டில் சேர்ந்ததும் என் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். சில பொருள்களை மல்லிகாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். எவை என்று இங்கே எழுதப் போவதில்லை. ஜெட்டியில் அடுத்தவர் பையை மெஷினில் விட்டுச் சோதிப்பதை வருஷக்கணக்காக வேடிக்கை பார்த்தவன் நான். என் பையைப் பிரித்தபோது ரோஷம் வந்தது. "நான் என்ன கடத்தல்காரனா?" என்று கேட்டேன். "இல்ல அண்ணா. கெட்ட நேரம்னு ஒண்ணு வரும், வந்த மாதிரியே போயிடும். அந்த நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் ஷீபா சிஸ்டர். கெட்ட நேரம் போய்விடும் என்று அவர் சொன்னது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வந்த நேரம் போகாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு 'அப்சர்வேஷன்' என்றார்கள். பெரிய வார்த்தை, அர்த்தம் எளிது. முதல் சில நாட்களுக்கு யாராவது ஒரு நர்ஸ் எப்போதும் என்னைக் கண்பார்வையில் வைத்திருப்பார்கள். எப்போதும் என்றால் எப்போதும். பகலில் பெரும்பாலும் அந்த வேலை அனில் பையாவுடையது. ராஞ்சிப் பக்கத்திலிருந்து காடு திருத்த வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை, நல்ல உயரம், மீன்பிடிப் பைத்தியம். அவர் பேசியது ஹிந்தி, நான் தமிழில் எழுதுகிறேன்.

குளிக்கப் போனாலும் கதவு முழுதாகச் சாத்தக் கூடாது. அனில் பையா வெளியே நின்றுகொண்டு மீன் கதை சொல்வார். தூண்டிலில் கோகாரி மீன் மாட்டியது, டிங்கிப் படகு ஆடியது, கயிறு கையை அறுத்தது என்று மூச்சுவிடாமல் போய், மீன் தண்ணீருக்கு மேலே வருகிற இடத்தில் டக்கென்று நிறுத்திவிடுவார். நான் சோப்பு நுரையோடு காத்திருப்பேன். அவர் வாயைத் திறக்க மாட்டார். கடைசியில் நானே, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கத்துவேன். உடனே தொடர்வார். இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது, அந்த 'அப்புறம்' அவருக்கு வேண்டியிருந்தது. உள்ளே நான் பத்திரமாக இருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். "பையா, மீன் பிடிக்கிற மாதிரியே என்னையும் பிடிக்கிறீங்க" என்றேன். "பாய் சாப், மீன் சும்மா வந்துடும். நீங்கதான் ரொம்ப இழுக்கிறீங்க" என்றார்.

ஒவ்வொரு டூட்டி மாறும்போதும் புதிதாக வருகிற நர்ஸ் அதே கேள்வியைக் கேட்பார். காய்ச்சல் பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், சாகத் தோன்றுகிறதா என்று கேட்பார்கள், டீ வேண்டுமா என்று கேட்பார்கள். ஒருநாள் ஷீபா சிஸ்டரிடம் சண்டைக்கே போனேன். "நீங்க இப்படிக் கேட்டுக் கேட்டு, இல்லாதவனுக்கும் நினைப்பு வந்துடும்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. கேட்டா வராது அண்ணா. ஏற்கெனவே இருக்கிறவனுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். நான் கேட்டதுனால உங்களுக்கு அதிகமாச்சா, குறைஞ்சுதா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். குறைந்துதான் இருந்தது. அதைச் சொல்ல மனசு வரவில்லை, டீ வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மாத்திரையைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். மனச்சோர்வுக்கான மாத்திரை இன்று போட்டால் நாளைக்கு வேலை செய்யாது, சில வாரங்கள் ஆகும். முதலில் கைகாலுக்குத் தெம்பு திரும்பும், மனசு தெளிவது அதற்குப் பிறகு. "இந்த நடுவுல வர்ற நாளுங்கதான் எங்களுக்குப் பயம். ஆள் பார்க்கச் சுறுசுறுப்பா இருப்பான், உள்ள இன்னும் இருட்டாவே இருக்கும்" என்றார். என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இங்கே பித்தப்பைக் கல்லுக்கு வருகிறேன். நான் எந்த வார்டில் இருக்கிறேன் என்று வெளியே தெரியக் கூடாது என்பதில் மல்லிகா குறியாக இருந்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரி, பில்லைப் பற்றிப் பயமில்லை. ஆனால் மானத்துக்கு யார் பில் கட்டுவது? யார் கேட்டாலும், "அவருக்குப் பித்தப்பையில கல்லு. மெயின்லேண்ட் போயிருக்காரு, சென்னைக் கப்பல்ல" என்று சொல்லிவைத்தாள். தெருவில் எல்லோரும் நம்பினார்கள். அதே தைரியத்தில் எங்கள் ஆபீசுக்கும் போன் செய்து அதையே சொல்லியிருக்கிறாள். போனை எடுத்தது பிஸ்வாஸ்.

பிஸ்வாஸ் பெங்காலிக்காரர், எனக்கு அடுத்த கவுண்டர். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போகிற கப்பல்களுக்கு டிக்கெட் கொடுப்பது அவர். அந்தச் சமயம் சென்னைக் கப்பல் பழுதுபார்க்க டாக்கில் ஏற்றப்பட்டு நின்றது. சென்னைக்கு அப்போது கப்பலே கிடையாது. கப்பல் ஆபீஸ்காரன் பெண்டாட்டி கப்பல் ஆபீசுக்கே போன் போட்டு, ஓடாத கப்பலில் புருஷன் போயிருக்கிறான் என்று சொன்னால் என்ன ஆகும்? பிஸ்வாஸ் போனை வைத்துவிட்டு, சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வார்டாகத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு காலை நேரம், ஆரஞ்சுப் பழப் பையோடு வார்டு வாசலில் நின்றார். ஷீபா சிஸ்டர் என்னிடம் வந்து, பார்க்க இஷ்டமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார். பிஸ்வாஸ் கட்டில் அருகே உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"கியா ரே செல்வம். கப்பல் எந்த டெக்? பங்க்கா, கேபினா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் கண் கலங்கிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நான் ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்து, "நீ ஆராமா இரு. கவுண்டரைப் பத்திக் கவலையே படாத. நல்லா ஓடுது. நீ இல்லாத குறையே தெரியல" என்றார்.

நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. ஆனால் அந்த நோயின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நான் இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை என்று விழுந்தது. பிஸ்வாஸ் போனபிறகு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து நான் ரொம்பக் கலகலப்பாகிவிட்டேன். வார்டில் சாப்பாடு கொண்டுவருகிறவரிலிருந்து டாக்டர் வரைக்கும் யாரையும் விடவில்லை. ஜெட்டியில் நடந்ததும் நடக்காததுமாகக் கதை கதையாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, "நல்ல முன்னேற்றம். இப்படியே இருந்தா சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். நான் கைகூப்பி நன்றி சொன்னேன். அந்த நன்றி பொய். வீட்டுக்குப் போனால் என்ன செய்வது என்று எனக்குள் ஒரு தீர்மானம் இருந்தது. தீர்மானம் வந்துவிட்டதால்தான் அத்தனை லேசாக இருந்தேன்.

அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து கிளம்புகிற நேரம், ஷீபா சிஸ்டர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். வந்தவர் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, ஒரு விஷயம். நீங்க வந்த முதல் நாளும் இப்படித்தான் ஜோக் அடிச்சீங்க. அன்னைக்குத்தான் உங்களுக்கு ரொம்ப மோசமா இருந்துச்சு. நடுவுல கொஞ்சம் தேறினபோது நீங்க ஜோக்கே அடிக்கல. அனில்கூடச் சண்டை போட்டீங்க, சாப்பாட்டைக் குறை சொன்னீங்க. இன்னைக்குக் காலையில இருந்து வார்டே சிரிக்குது. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

"சிரிச்சா தப்பா சிஸ்டர்?"

"தப்பில்ல. நாங்க டூட்டி மாறும்போது ஒவ்வொருத்தரைப் பத்தியும் சொல்லிக்குவோம். உங்களைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்கோம் தெரியுமா? செல்வம் சிரிக்க வெச்சா பக்கத்துல உட்காரு, அப்படின்னு." பிறகு கேட்டார், "சாகணும்னு தோணுதா? வீட்டுக்குப் போய் ஏதாவது செய்றதா இருக்கீங்களா?"

என் வாய் எனக்கு எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது. அன்று ஒரு வார்த்தையும் தேறவில்லை. என்னை ஒருத்தி இத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறாள், நான் சிரிப்பதில்கூட நல்லது கெட்டது பிரித்திருக்கிறாள் என்பதே எனக்குத் தாங்கவில்லை. அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக அழுதேன். அழுது முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், தீர்மானம் உட்பட. பிஸ்வாஸ் சொன்னதையும் சொன்னேன்.

அவர் 'ஐயோ' என்று சொல்லவில்லை. குடும்பத்தை நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. குடும்பத்தை நினைத்துத்தான் அத்தனை வருத்தமும், அதையே திருப்பிக் கேட்டால் நோயாளி என்ன செய்வான்? என் மணிக்கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இப்ப இதை டாக்டர்கிட்டச் சொல்லப் போறேன். நீங்களும் கூட வாங்க, சேர்ந்தே சொல்லலாம்" என்றார். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு நின்றது. பழையபடி யாராவது பக்கத்திலேயே இருந்தார்கள். எனக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மல்லிகாவிடம், வீட்டில் எவற்றை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஷீபா சிஸ்டர் விளக்கினார். மல்லிகா தனியாகச் செய்யப் பயந்தாள். துணைக்குக் கூப்பிட ஆள் யார் என்று சிஸ்டர் கேட்டதும், என் சம்மதத்தோடு பிஸ்வாசைக் கூப்பிட்டாள். மெயின்லேண்ட் போனதாகச் சொன்ன பொய்யை ஒப்புக்கொள்வதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். "பாபி, சென்னைக் கப்பல் ஓடாததுனாலதான் நான் கண்டுபிடிச்சேன். அடுத்த தடவை ஏரோபிளேன்னு சொல்லுங்க" என்றாராம் பிஸ்வாஸ். பாபி என்றால் அண்ணி. இருவரும் சேர்ந்து வீட்டைச் சரிசெய்தார்கள். சில பொருள்கள் இன்றைக்கும் பிஸ்வாஸ் வீட்டில்தான் இருக்கின்றன. எனக்கு அவை தேவைப்படவும் இல்லை.

தான் சொன்ன ஆறுதல் என்ன செய்தது என்று பிஸ்வாசிடம் நானே சொன்னேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் ஒரு குறையோடு வருவார். டிக்லிபூர் பயணிகள் சண்டை போடுகிறார்கள், புதிதாக உன் இடத்தில் உட்கார்ந்த பையன் எல்லோரையும் நீல் தீவுக்கு அனுப்பிவிடுகிறான், பிரிண்டர் உன் பேச்சைத்தான் கேட்கும், என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. பாதி கட்டுக்கதை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த குறைக்காகக் காத்திருந்தேன்.

உண்மையாகவே வீட்டுக்குப் போகிற நாள் நெருங்கியபோது, ஷீபா சிஸ்டர் என்னையும் மல்லிகாவையும் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். கெட்ட நேரம் வருகிறது என்பதற்கு என் அடையாளம் என்ன, வந்தால் நான் முதலில் என்ன செய்வேன், யாரிடம் போவேன், அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவோம். ஒவ்வொன்றையும் என் வாயாலேயே சொல்ல வைத்தார். கடைசியாக மல்லிகாவிடம் திரும்பினார்.

"இப்ப நீங்க அண்ணனைக் கேளுங்க. நான் கேக்கிற மாதிரியே."

மல்லிகா புடவைத் தலைப்பை முறுக்கினாள். "என்னங்க, அந்த மாதிரி ஏதாச்சும்..." என்றாள்.

"எந்த மாதிரி?"

"அதான் சிஸ்டர். அந்த நினைப்பு."

"பேரைச் சொல்லுங்க சேச்சி. நீங்க பயந்து பயந்து கேட்டா, அவரும் பயந்து இல்லன்னு சொல்லிடுவாரு."

மல்லிகா மூன்று முறை முயன்றாள். சாவு என்ற சொல்லைத் தாலி கட்டியவனைப் பார்த்துச் சொல்ல அவள் நாக்கு புரளவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. சட்டென்று நிமிர்ந்தாள். மார்க்கெட்டில் மீன்காரியிடம் பேசுகிற ஹிந்தியில், "மன் மே மர்னே கா கயால் ஆயா க்யா?" என்று கேட்டுவிட்டாள். சாகும் எண்ணம் மனதில் வந்ததா என்று அர்த்தம். ஆபீசுக்கும் கடைக்கும் வைத்திருக்கும் மொழி என்பதால் அதில் அவளுக்குக் கூச்சமில்லை. வாசலில் நின்றிருந்த அனில் பையா கைதட்டினார். ஷீபா சிஸ்டர், "எந்த பாஷைன்னாலும் தீக் ஹை. கேக்கணும், அவ்வளவுதான்" என்றார். நாங்கள் நால்வரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு தினமும் சாயங்காலம் டீ கொடுக்கும்போது மல்லிகா அந்த ஹிந்திக் கேள்வியைக் கேட்பாள். பெரும்பாலும் இல்லை என்பேன். சில நாள், லேசாக வந்தது, போய்விட்டது என்பேன். வார்டிலிருந்தும் போன் செய்து விசாரிப்பார்கள். மருந்து மெல்ல வேலை செய்தது. மீன் ருசித்தது. வேலைக்குத் திரும்பினேன். என் இடத்தில் உட்கார்ந்திருந்த பையன் அப்படி ஒன்றும் மோசமில்லை, ஆனால் அதை நான் பிஸ்வாசிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லாம் நேர்கோட்டில் போகும் என்று ஷீபா சிஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை. போகவும் இல்லை. ஒருநாள் புயல் சின்னத்தால் எல்லாக் கப்பலும் ரத்து. கூட்டம் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தியது. நான் வரிசையாக ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஒரு கட்டத்தில் என் குரலே என் காதில் விழுந்தது. இது நல்ல சிரிப்பு இல்லை என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போனேன். மல்லிகா மாயாபந்தரில் இருக்கும் தங்கையோடு போனில் இருந்தாள். வளைகாப்புப் பேச்சு. டீயை நீட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அன்று கேட்கவில்லை, மறந்துவிட்டாள். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு உள்ளே வந்து நைசாகப் பேசியது. அந்த நினைப்புத்தான் எனக்கு அன்றைக்கு நிஜமான ஆபத்து. டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு அவள் தோளைத் தொட்டேன்.

"மல்லிகா, எனக்கு இன்னைக்குச் செத்துப் போயிடலாம்னு தோணுது."

அவள் தங்கையிடம், "அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப இருந்து?"

"மத்தியானத்துல இருந்து."

"இப்பவும் இருக்கா?"

"இருக்கு."

"சரி. நான் கூடவே இருக்கேன். சிஸ்டருக்குப் போன் போட்டுட்டுக் கெளம்பலாம்." ஒத்திகையில் சொன்ன வரிசையை அவள் ஒன்றுகூட விடவில்லை. கதவைப் பூட்டும்போதுகூட என் கையை விடவில்லை, சாவியை இடது கையால் திருப்பினாள்.

ஷீபா சிஸ்டருக்கு அன்று லீவு. வேறொரு நர்ஸ் இருந்தார், என்னை அவருக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார், நான் "ஆமா" என்றேன். நெடுநேரம் பேசினோம். டாக்டர் வந்து பார்த்தார், மாத்திரையின் அளவை மாற்றினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேசப் பேச அந்த எண்ணம் தளர்ந்தது, பிறகு அகன்றது. வார்டில் தங்கலாமா என்று கேட்டார்கள். மல்லிகா இருக்கிறாள், நாளை காலையில் திரும்ப வருகிறோம், வீட்டிலேயே இருக்கிறேன் என்றேன். சம்மதித்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் மல்லிகா அழ ஆரம்பித்தாள். நான் படுத்திருந்த நாட்களில் ஒருமுறைகூட என் எதிரில் அழாதவள். தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது.

"ரொம்பப் பயமுறுத்திட்டேனா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "நான் கேக்க மறந்துட்டேன். நீங்களா வந்து சொன்னீங்க."